90 டிகிரியில் நிற்கும் கை

பரிசோதனை அறையில் ஒருவர் வலக்கையை முன்பக்கமாக மெல்ல உயர்த்துகிறார். அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது தோளில் அடிபட்டவர். எதிரில் நிற்பவர் கோனியோமீட்டர் என்ற கோணமானியைத் தோள்மூட்டோடு சேர்த்துப் பிடித்து, கை எங்கே நின்றுபோகிறது என்று பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்கிறார். அடுத்து பக்கவாட்டில் தூக்கச் சொல்கிறார். பிறகு உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பச் சொல்கிறார். நல்ல தோள் என்றால் கை 180 டிகிரி வரை, அதாவது காதை ஒட்டி நேர்மேலே போகும். இவருடைய கை எதுவரை போகிறது என்ற அந்த எண்ணை வைத்துத்தான் முன்னாள் படைவீரர் நலத்துறை இவருக்கு மாதாமாதம் எவ்வளவு தருவது என்று முடிவு செய்யும்.

அந்தத் துறையை அமெரிக்கர்கள் 'வி.ஏ.' என்பார்கள். பணிக்காலத்தில் வந்த காயத்துக்கும் நோய்க்கும் அது 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாகச் சதவீதம் போடுகிறது. இதற்கு 'ரேட்டிங்' என்று பெயர். 2025-ஆம் ஆண்டு விகிதப்படி, மனைவி மக்கள் இல்லாத ஒருவருக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 175.51 டாலர். 20 என்றால் 346.95. 30 என்றால் 537.42. 40 என்றால் 774.16. முழு 100 சதவீதத்துக்கு 3,831.30 டாலர். இந்தப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. 30 சதவீதத்தை எட்டியவருக்குக் குடும்பத்தினரின் பெயரில் கூடுதல் தொகையும் உண்டு. ஆகவே தோளுக்குக் கிடைத்தது 20-ஆ 30-ஆ என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன வித்தியாசம் அல்ல.

தோள் உடம்பிலேயே மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் உருண்டை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ அது தட்டின் மேல் வைத்த பந்து மாதிரி. நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் சுற்றி இழுத்துப் பிடித்திருப்பதால்தான் கழன்று விழாமல் நிற்கிறது. பாரசூட்டில் குதித்து இறங்குவது, பல கிலோ எடையுள்ள பையைத் தோளில் சுமந்து மைல் கணக்கில் நடப்பது, தடைச்சுவர் ஏறுவது, வாகன விபத்து என்று படைவீரரின் அன்றாடமே அந்தப் பிடிமானத்தைச் சோதிக்கிறது. இருபது வயதில் 'ஒன்றுமில்லை' என்று வலிமாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்த தோள் நாற்பது வயதில் சட்டை மாட்ட விடுவதில்லை.

சதவீதத்துக்கான அட்டவணை மத்திய அரசின் விதித்தொகுப்பில் இருக்கிறது. தோளுக்கு 5200 முதல் 5203 வரையான குறியீடுகள். பெரும்பாலான வழக்குகள் 5201-இல்தான் வந்து நிற்கும். கை எவ்வளவு உயர்கிறது என்பதே அதன் அளவுகோல். தோள்மட்டத்தில், அதாவது 90 டிகிரியில் நின்றுவிட்டால் 20 சதவீதம். 45 டிகிரிக்கு மேல் போகாவிட்டால், பழக்கக் கைக்கு 30, மற்றக் கைக்கு 20. உடம்பிலிருந்து 25 டிகிரிக்கு மேல் விலகவில்லை என்றால் பழக்கக் கைக்கு 40, மற்றதற்கு 30. மூட்டு அசைவே இல்லாமல் இறுகிப்போவது, மேற்கை எலும்பு கூடாமல் போவது, திரும்பத் திரும்ப நழுவுவது, காறையெலும்பு முறிவு ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. வலக்கைப் பழக்கமா, இடக்கைப் பழக்கமா என்ற ஒரு கேள்வியே சில படிகளில் 10 சதவீதத்தைக் கூட்டிக் குறைத்துவிடுகிறது. இரண்டு கையும் ஒன்றுபோலப் பழகியவர் என்றால், அடிபட்ட கையையே பழக்கக் கையாகக் கொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. தீர்ப்புக் கடிதத்தில் முதலில் சரிபார்க்க வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

பலர் ஏமாறுவது எம்.ஆர்.ஐ. படத்தை நம்பி. தசைநாண் கிழிந்திருப்பது படத்தில் பளிச்சென்று தெரியும். அறுவை மருத்துவரும் பெரிய கிழிசல் என்று எழுதிக் கொடுத்திருப்பார். அந்தப் படத்தை இணைத்து மேல்முறையீடு செய்தும் பழைய 20 சதவீதமே திரும்பி வரும். நோய் இருக்கிறது என்பதை நிறுவவும், அது பணிக்காலக் காயத்தோடு தொடர்புடையது என்று காட்டவும் படம் உதவும். 5201-இல் ஒரு படி மேலே ஏற்ற அது போதாது. அங்கே கேள்வி ஒன்றுதான்: கை எதுவரை போகிறது?

அப்படியானால் வலி? தோளில் அடிபட்டவருக்கு எல்லா நாளும் ஒரே நாள் அல்ல. பரிசோதனை நடந்த காலையில் கை 100 டிகிரி வரை போயிருக்கலாம். ஒரு மணி நேரம் சுவருக்கு வண்ணம் அடித்தால் 50 டிகிரியிலேயே நின்றுவிடலாம். மாதத்தில் நான்கைந்து நாள் கையைத் தூக்கவே முடியாமல் போகலாம். கோணமானி அந்த ஒரு காலையை மட்டும்தான் பார்த்தது. அட்டவணையில் எழுதியிருக்கும் டிகிரிக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால் இந்த மனிதனுக்கு நியாயம் கிடைக்காது.

இந்தக் கேள்வியைத் தீர்த்த வழக்கும் ஒரு தோள் வழக்குதான். 1995-இல் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் டெலூக்கா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வலி, களைப்பு, பலமின்மை ஆகியவற்றால் கை மேலும் எவ்வளவு முடங்குகிறது என்பதையும், வலி ஏறும் நாள்களில் அது எப்படி இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. அதுவும் பொதுவாகச் சொன்னால் போதாது, முடிந்தவரை டிகிரிக் கணக்கிலேயே பரிசோதிப்பவர் சொல்ல வேண்டும் என்றது. இன்றைக்கும் அமெரிக்காவில் மூட்டு வழக்கு எதுவானாலும் அந்தப் பெயர் அடிபடாமல் இருக்காது.

ஆனால் தீர்ப்பு ஒன்று வந்தால் அதைச் சுற்றிப் போகும் வழியும் கூடவே வந்துவிடும். "பரிசோதனை நடந்தபோது இவருக்கு வலி ஏறியிருக்கவில்லை, ஆகவே ஊகிக்காமல் எதுவும் சொல்ல முடியாது" என்ற ஒற்றை வரியைப் பல அறிக்கைகள் எழுதத் தொடங்கின. 2017-இல் வந்த ஷார்ப் வழக்குத் தீர்ப்பு அந்தக் கதவை அடைத்தது. வலி எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏறுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதனால் கிளம்புகிறது, அப்போது என்னென்ன செய்ய முடியவில்லை என்று படைவீரரிடமே கேட்டு, அதையும் ஆவணங்களையும் வைத்து மதிப்பிட வேண்டும். கேட்காமலேயே 'சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தால் அந்தப் பரிசோதனையே போதாதது. 2016-இல் வந்த கொரேயா வழக்கு இன்னொன்றையும் சேர்த்தது: தானாக அசைக்கும்போதும், மற்றவர் அசைக்கும்போதும் வலி எப்படி என்று சோதிக்க வேண்டும். முடிந்தால் நலமாக இருக்கும் எதிர்ப்பக்க மூட்டோடு ஒப்பிட வேண்டும்.

எல்லாத் தீர்ப்பும் படைவீரர் பக்கம் இல்லை. 2011-இல் மிட்செல் வழக்கில், வலி இருக்கிறது என்பது மட்டும் போதாது, அந்த வலியால் செயல் குறைந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கை முழுக்க மேலே போய், போகும் வழியெல்லாம் வலித்தாலும் உச்சபட்ச சதவீதம் கிடைத்துவிடாது. 2013-இல் யோனெக் வழக்கு. அதுவும் தோள்தான். கை முன்பக்கமும் உயரவில்லை, பக்கவாட்டிலும் உயரவில்லை, ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சதவீதம் வேண்டும் என்று அவர் கேட்டார். ஒரு தோளுக்கு 5201-இல் ஒரே ஒரு சதவீதம்தான் என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது.

வலியை முன்வைத்து ஓரளவு உறுதியாக வாதாடக்கூடிய இடம் வேறொன்று இருக்கிறது. வலியோடு அசையும் மூட்டுக்கு, அந்த மூட்டுக்குரிய குறைந்தபட்ச ஈட்டுச் சதவீதமாவது தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 5201-இன் கடைசிப் படி 20 சதவீதம். தேய்மான வாதத்துக்கான வேறொரு குறியீட்டில் 10 சதவீதம் என்ற படி இருக்கிறது. வலியுள்ள தோளுக்கு 10 மட்டும் கிடைத்தவர்கள், எந்தக் குறியீட்டின் கீழ் அந்த 10 வந்தது என்று கடிதத்தில் தேடிப் பார்க்க வேண்டும். கை 90 டிகிரிக்கு மேல் போனாலும் வலியோடுதான் போகிறது என்ற காரணத்தைக் காட்டி 10-இலிருந்து 20-க்கு உயர்ந்த வழக்குகள் உண்டு.

இதையெல்லாம் படித்தபின் மேல்முறையீடு என்பது நீதிமன்றக் கூண்டில் நடக்கும் வாதம் என்று தோன்றலாம். தோளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பரிசோதனை அறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ராணுவம் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் வலியைக் காட்டிக்கொள்ளாதே என்பது. அதே மனிதர் பரிசோதனை மேசை முன்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கையை 130 டிகிரி வரை தூக்கிக் காட்டுகிறார். வலி 70-இலேயே தொடங்கியது என்று சொல்வதில்லை. அறிக்கையில் 130 என்று ஏறிவிடுகிறது. மிகைப்படுத்த வேண்டாம்; அது கண்டுபிடிக்கப்படும், நியாயமும் அல்ல. ஆனால் வலி தொடங்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். மூன்று முறையாவது திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் குறைகிறதா என்று சொல்ல வேண்டும். அன்று காலை வலிமாத்திரை போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வலி ஏறும் நாள்களைக் குறித்துவைத்த நாட்குறிப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது, "எப்போதாவது வலிக்கும்" என்று பொதுவாகச் சொல்வதைவிடப் பல மடங்கு பலமுள்ளது. வீட்டில் உடன் இருப்பவர் தம் கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுக்கலாம். கூடப் பணியாற்றிய தோழர் காயம் நடந்த நாளைப் பற்றி எழுதிக் கொடுக்கலாம். இவற்றைத் துறை சாட்சியமாக ஏற்று எடைபோட வேண்டும்.

தீர்ப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஓராண்டு. இதுதான் முக்கியமான கெடு. 2017 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2019 பிப்ரவரி 19-இல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம், அதுவரை ஒரே ஒற்றையடிப் பாதையாக இருந்ததை மூன்றாகப் பிரித்தது. புதிய ஆதாரம் இருந்தால் துணைக் கோரிக்கை. அதற்குப் படிவம் 20-0995. ஆதாரம் புதிதாக இல்லை, இருந்ததையே தவறாகப் பார்த்திருக்கிறார்கள் என்றால் மூத்த அதிகாரியின் மறுபார்வை, அது 20-0996. மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போவது; அது 10182. வாரியத்திலும் மூன்று வரிசைகள் உண்டு: இருக்கும் ஆவணங்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு, 90 நாளுக்குள் ஆதாரம் சேர்த்துத் தீர்ப்பு, நீதிபதி முன் விசாரணை. முதல் இரண்டு பாதைகளையும் சராசரியாக 125 நாளில் முடிப்பது துறையின் இலக்கு. வாரியத்தில் மிக வேகமான வரிசைக்கே ஓராண்டு இலக்கு.

தோள் வழக்குக்கு எந்தப் பாதை? பரிசோதனை அறிக்கையை வரவழைத்துப் படிக்காமல் இதற்குப் பதில் சொல்லக்கூடாது. வலி ஏறும் நாள்களைப் பற்றிக் கேட்கவே இல்லை, மற்றவர் அசைத்துப் பார்க்கும் சோதனை நடக்கவில்லை, பழக்கக் கை எது என்று தவறாக எழுதியிருக்கிறது என்றால் மூத்த அதிகாரியின் மறுபார்வைதான் பொருத்தம். அங்கே புதிய காகிதம் ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாது. ஆனால் தொலைபேசியில் ஒருமுறை பேசிப் பிழை எங்கே என்று சுட்டிக்காட்டலாம். பரிசோதனையே குறையுள்ளது என்று தெரிந்தால் மறுபடி நடத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அறிக்கை சரியாகத்தான் இருக்கிறது, அதன்பின் தோள் மோசமாகிவிட்டது, அல்லது சொந்த மருத்துவர் அளந்து எழுதிய அறிக்கை இப்போது கையில் இருக்கிறது என்றால் துணைக் கோரிக்கை. தோளுக்கென்றே துறை தயாரித்த கேள்விப் படிவம் அதன் இணையதளத்தில் கிடைக்கிறது. சொந்த மருத்துவரே கோணமானி வைத்து அளந்து நிரப்பித் தரலாம். சட்ட விளக்கத்தில்தான் சண்டை என்றால் வாரியம். ஒன்றில் தோற்றால் ஓராண்டுக்குள் அடுத்ததில் தொடரலாம். தொடர்ச்சி அறுபடாதவரை, வென்றால் பழைய தேதியிலிருந்தே நிலுவைத் தொகை கணக்கிடப்படும். ஓராண்டைத் தவறவிட்டாலும் துணைக் கோரிக்கை போட முடியும். ஆனால் பழைய தேதி போய்விடும்.

படிவத்தை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். பல குறைபாடுகள் இருந்தால் துறை சதவீதங்களை நேராகக் கூட்டுவதில்லை. முதல் குறைபாடு போக மீதமுள்ள உடல்திறனில்தான் அடுத்ததைக் கழிக்கும். ஒருவருக்குப் போர் அதிர்ச்சி மனநோய்க்காக 50 சதவீதமும் தோளுக்கு 20 சதவீதமும் இருந்தால் மொத்தம் 60. தோள் 30 ஆனால் 65 வரும். அது 70 என்று மேலே ஏறும். இவருக்கு மேல்முறையீடு பயன் தரும். இன்னொருவருக்கு மனநோய்க்கு 70, தோளுக்கு 20 என்றால் 76 வந்து 80 ஆகும். தோள் 30 ஆனாலும் 79-தான், அதுவும் 80-தான். தோளுக்காக ஓராண்டு போராடி வென்றும் மாதத்தொகை ஒரு டாலர்கூட ஏறாது. அப்படிப்பட்டவர் வேறு திசையில் பார்ப்பது நல்லது: தோள் காயத்தால் கைக்கு இறங்கும் நரம்பு மரத்துப்போயிருக்கிறதா, ஒரு கையைக் காப்பாற்ற மற்றக் கையை அதிகம் உழைக்கவைத்து அந்தத் தோளும் கெட்டிருக்கிறதா, அறுவைத் தழும்பு வலிக்கிறதா? ஒன்றிலிருந்து கிளைத்த இத்தகைய பாதிப்புகளுக்குத் தனிச் சதவீதம் கேட்கலாம். இரண்டு தோளும் பாதிக்கப்பட்டிருந்தால், அவை இரண்டும் சேர்ந்து வரும் எண்ணில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேரும். தோளில் அறுவை நடந்து மீளும் மாதங்களுக்குத் தற்காலிகமாக 100 சதவீதம் தரும் விதியும் இருக்கிறது. அதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இவ்வளவு வழிகள் இருப்பதே புதிது. 1988 வரை, துறை சொன்னதே முடிவு. நீதிமன்றத்துக்குப் போகவே முடியாது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864-இல் போட்ட சட்டம் படைவீரருக்காக வாதாடும் வழக்கறிஞர் 10 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்றது. அன்றைக்கு அது ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றியது. நூறாண்டுக்குப் பிறகும் அதே 10 டாலர் இருந்ததால் எந்த வழக்கறிஞரும் தொடவில்லை. 1985-இல் உச்ச நீதிமன்றமும் அந்த வரம்பு செல்லும் என்றது. மூன்றாண்டு கழித்து நாடாளுமன்றம்தான் சட்டத்தை மாற்றிப் படைவீரருக்கென்றே ஒரு நீதிமன்றத்தை ஏற்படுத்தியது. டெலூக்காவும் ஷார்ப்பும் கொரேயாவும் அங்கிருந்து வந்தவை.

வாரியத்தில் தோற்றவர் 120 நாளுக்குள் அந்த நீதிமன்றத்துக்குப் போகலாம். மனநோயால் அவதிப்பட்ட கொரியப் போர் வீரர் டேவிட் ஹெண்டர்சன் 15 நாள் தாமதமாகப் போனார், வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அவர் இறந்தபின் மனைவி வழக்கைத் தொடர்ந்தார். 2011-இல் உச்ச நீதிமன்றம், படைவீரரிடம் அப்படி இரும்புக் கெடு வைக்க நாடாளுமன்றம் நினைக்கவில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. ஆனால் மேலே போகப் போக ஆதாரத்தை மறுபடி எடைபோட இடம் குறைந்துகொண்டே வருகிறது. சான்றுகள் இரு பக்கமும் சமமாக இருந்தால் படைவீரருக்குச் சாதகமாகத் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். அப்படிச் சமமாக இருக்கிறதா என்று கீழே எடுத்த முடிவில் தெளிவான பிழை இருந்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடலாம் என்று 2025 மார்ச்சில் பஃப்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே இந்தக் கட்டுரை கருதுகிறது. ஆனால் நடைமுறை தெளிவு: நாட்குறிப்பும் மருத்துவர் அளவும் வீட்டார் சாட்சியமும் வாரியத்தின் படியேறும் முன்பே கோப்புக்குள் போய்விட வேண்டும்.

உயர்த்தக் கேட்கப்போய் இருப்பதும் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தால் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்த அச்சம் முற்றிலும் பொய்யல்ல. புதிய பரிசோதனையில் தோள் தேறியிருப்பதாகத் தெரிந்தால் குறைக்கப் பார்க்கலாம். ஆனால் மாதத்தொகை குறையும் என்றால் முன்கூட்டியே அறிவித்து, பதில் ஆதாரம் தர 60 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு நிலைத்த சதவீதத்தை ஒரே பரிசோதனையை வைத்துக் குறைப்பது கடினம். இருபது ஆண்டு தொடர்ந்த சதவீதத்தில், மோசடி இருந்தாலன்றி, கை வைக்க முடியாது.

உதவிக்கு ஆள் தேடும்போதுதான் அதிக எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற படைவீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே வழக்கை நடத்துவார்கள். அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்கள் முதல் தீர்ப்பு வந்தபின்தான் கட்டணம் வாங்கலாம். கிடைக்கும் நிலுவையில் 20 சதவீதம் வரை நியாயம் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நியாயமற்றது என்றும் விதி கருதுகிறது. இந்த அங்கீகாரம் எதுவும் இல்லாமல், சதவீதத்தை உயர்த்தித் தருகிறோம், உயரும் மாதத்தொகையில் இத்தனை மாதப் பணம் எங்களுக்கு என்று ஒப்பந்தம் போடும் நிறுவனங்களும் சந்தையில் இருக்கின்றன. வருகிறவர் அங்கீகாரம் பெற்றவர்தானா என்பதைத் துறையின் இணையதளத்தில் பெயரை இட்டுத் தேடிப் பார்த்துவிடலாம். தோள் வலிக்கிறவர் கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.